சப்பாத்திக் கணக்கெடுப்பு

மனிதகுலம் துக்கத்தை முற்றிலுமாக ஒழித்த இடம் எது என்று வருங்காலத்தில் ஏதாவது போட்டித் தேர்வில் கேட்டால், தயங்காமல் எழுதுங்கள்: திருநெல்வேலியிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி, காற்றாலைகளுக்கு நடுவே நின்ற ஒரு பொறியியல் கல்லூரி. அதன் ஆண்கள் விடுதி. சி பிளாக், இரண்டாம் மாடி. ஒழித்தவர் இ. இசக்கிராஜ், மூன்றாம் ஆண்டு இயந்திரவியல். அதாவது நான். அரண்மனையையும் மனைவியையும் விட்டுவிட்டுக் காட்டுக்குப் போனவர்களுக்கே முழுதாகக் கைகூடாத காரியம் இது. எனக்கு ஒரு பழைய கால்பந்து பனியனும் ஒரு நாயும் போதுமானதாக இருந்தன.

இதெல்லாம் நடந்து ஆறு வருடம்தான் ஆகிறது. ஆறு வருடத்துக்கெல்லாம் பழைய ஞாபகம் என்று ஏங்கலாமா என்று கேட்பீர்கள். நான் இப்போது கடலுக்கு நடுவில் இருக்கிறேன். இங்கே ஆறு நாளே அதற்குப் போதும்.

முதலில் காப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது பல்கலைக்கழகம் ஒவ்வொரு மாணவன் கையிலும் ஒரு நலக்காப்பை மாட்டியது. ரப்பர் பட்டை. நடுவில் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய வில்லை. அந்த வில்லை நாடியைப் படிக்கும், தூக்கத்தைப் படிக்கும், நடையைப் படிக்கும். ஒரு வாரம் உங்களோடு பழகி, உங்கள் வழக்கமான நாள் எப்படி இருக்கும் என்று கற்றுக்கொள்ளும். பிறகு அந்த வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகுகிறீர்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கும். மனது உடைவதற்கு மூன்று நாள் முன்பே கண்டுபிடித்துவிடும் என்றார்கள். அது பெரும்பாலும் உண்மை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கேலி செய்பவனுக்கும் நேர்மை உண்டு.

மாடிப்படி ஏறியதும் சுவரில் ஒரு பலகை. எங்கள் மாடியில் நாற்பத்திரண்டு பேர், பலகையில் நாற்பத்திரண்டு விளக்கு. நன்றாக இருந்தால் பச்சை. சரியில்லை என்றால் மஞ்சள். ஆபத்து என்றால் சிவப்பு. இரண்டு நாள் மஞ்சள் எரிந்தால் வீட்டுக்குத் தானாகவே போன் போகும். ஒரு வாரம் எரிந்தால் கட்டாய நல விடுப்பு. அந்தப் பருவத்துப் பரீட்சை கிடையாது. மனம் சோர்ந்தவனை உற்சாகப்படுத்த இதைவிடச் சிறந்த வழி இருப்பதாக நிர்வாகத்துக்குத் தோன்றவில்லை.

பலகை வந்த பிறகு மாடியில் ஒரு மாற்றம் வந்தது. முன்பெல்லாம் ஒருவன் முகம் வாடியிருந்தால், "என்னலே, மூஞ்சி உப்புச்சப்பில்லாம கெடக்கு?" என்று யாராவது கேட்பார்கள். இப்போது படியேறும்போதே பலகையைப் பார்த்துவிடுகிறோம். பச்சை. சரி, நன்றாக இருக்கிறான். பச்சையாக இருப்பவனிடம் போய் எப்படி இருக்கிறாய் என்று கேட்பது, மணிக்கூண்டைப் பார்த்த பிறகும் மணி கேட்பது மாதிரி.

இந்த நாகரிகத்தை ஏற்காதவன் ஒருவன் இருந்தான். பெயர் கோமதிநாயகம், ஊர் சங்கரன்கோவில். என் அறைத்தோழன். மாடியின் மெஸ் செக்ரட்டரி. மெஸ் செக்ரட்டரியின் ஒரே கடமை, மாலை ஐந்து மணிக்கு ஒவ்வொரு கதவாகத் தட்டி, ராத்திரிக்கு எத்தனை சப்பாத்தி வேண்டும் என்று கேட்டு எழுதி, மெஸ்ஸில் கொடுப்பது. அவன் அந்தப் பதவிக்கு வருவதற்கு ஒரு வருடம் முன்பே மெஸ்ஸில் இயந்திரம் வந்துவிட்டது. யார் எத்தனை தின்பான் என்பது தின்பவனுக்கு முன்னால் அதற்குத் தெரியும். கோமதி கொண்டுபோய்க் கொடுக்கும் தாளை மெஸ்காரர் வாங்கி, அப்பளம் எண்ணெய் வடியட்டும் என்று தட்டில் விரிப்பார்.

"அந்தத் தாள எண்ணெய் ஒத்தத்தாம்லே எடுக்காவ. எதுக்கு இந்த வேல?" என்று கேட்டேன்.

"பதவிப் பிரமாணம் எடுத்துருக்கேம்லா."

"யாருலே எடுத்து வச்சா?"

"நானேதான். கண்ணாடி முன்னாடி நின்னு."

அவனும் நானும் ஒரே அறை என்றேன் அல்லவா? ஐந்து மணிக்குக் கட்டிலிலிருந்து எழுவான். சட்டைப்பையில் சின்ன நோட்டும் பென்சிலும் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பான். வெளியே போய்க் கதவைச் சாத்துவான். சாத்திவிட்டு, அதே கதவைத் தட்டுவான். நான் எழுந்து போய்த் திறக்க வேண்டும்.

"எத்தன?"

"ஆயிரம்."

எழுதிக்கொள்வான். அடுத்த கதவுக்குப் போய்விடுவான்.

அப்போது நான் 'பல்லி' என்று ஒரு பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தேன். சுவரில் ஒட்டியிருக்கும், யாரைப் பார்த்தும் உச்சுக்கொட்டும், அதனால் அந்தப் பெயர். ஒரே தாள், கையெழுத்து, குளியலறைக்குப் போகும் வழியில் உள்ள நோட்டீஸ் போர்டில் ஒட்டுவேன். வாசகர்கள் வாளியோடு நின்று படிப்பார்கள். அதில் கோமதிக்கென்று நிரந்தரப் பகுதியே உண்டு. 'மாண்புமிகு சப்பாத்திக் கணக்கெடுப்பு ஆணையர் நேற்று பதினேழாம் எண் அறைக்கு விஜயம் செய்து, அங்கு நிலவும் கோதுமை நிலவரம் குறித்துக் கேட்டறிந்தார்.' மனிதகுல வரலாற்றிலேயே மிகப் பயனற்ற பதவி இதுதான் என்று ஒரு தலையங்கம்கூட எழுதினேன். கோமதி அதைப் படித்துவிட்டு, "ஆணையர்க்கு வண்டி கெடையாதாலே?" என்று மட்டும் கேட்டான்.

இனி நாய்.

நிர்வாக அலுவலக வாசலில் ஒரு செவலை நாய் படுத்திருக்கும். நாள் முழுக்கத் தூங்கும். நாலு மணிக்கு எழுந்து மெஸ்ஸின் பின்வாசலுக்குப் போகும். இந்த ஒழுங்கைப் பார்த்து அதற்கு ரெஜிஸ்ட்ரார் என்று பெயர் வைத்திருந்தோம். நாயை அவமதிக்கும் நோக்கம் எங்களுக்கு இல்லை.

மூன்றாம் ஆண்டு மாசி மாதத்தில், முழுக்க முழுக்க ஆராய்ச்சி நோக்கத்தோடு, ஒரு காப்பிலிருந்து வில்லையைக் கழற்றி, பழைய கால்பந்து பனியன் ஒன்றின் உட்புறம் பை தைத்து, அதில் வைத்து, ரெஜிஸ்ட்ராருக்கு அணிவித்தேன். வில்லை அதன் அடிவயிற்றில் படிந்து உட்கார்ந்தது. கழற்றிய வில்லை கணக்கை முதலிலிருந்து தொடங்கும்; ஒரு வாரம் நாயோடு பழகியது. நாயின் நாளே வழக்கமான நாள் என்று கற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. பன்னிரண்டு மணி நேரத் தூக்கம். துள்ளல் நடை. மாலை நாலு மணிக்கு எலும்பு வரும்போது மகிழ்ச்சியின் உச்சம். பட்டையை மட்டும் கையில் மாட்டிக்கொண்டால் யாருக்கும் சந்தேகம் வராது. யார் எங்கே இருக்கிறார்கள் என்று காப்பு பார்க்கக் கூடாது என்று நாங்களே மறியல் செய்து வாங்கிய உரிமை வேறு இருந்தது. ஆகவே இடமும் தெரியாது.

செய்தி கசிந்தது. கதவைத் தட்டி ஒவ்வொருவனாக வந்தார்கள். கட்டணம் ரெஜிஸ்ட்ராருக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட். யார் யார் என்று வெளியே சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். பதினோராவது ஆள் வந்ததும் நிறுத்திக்கொண்டேன். பனியனில் இடமில்லை; கால்பந்து அணிக்கும் அது சரியான எண்ணிக்கை.

அந்தப் பதினோராவது ஆள் மரிய செல்வின். பதினேழாம் எண் அறை. கடற்கரை ஊர்க்காரன், அப்பா படகு எஞ்சின் மெக்கானிக். பேட்மின்டனில் எங்கள் மாடியிலிருந்த எல்லோரையும் தோற்கடித்துவிட்டு, தோற்றவனுக்கு டீ வாங்கிக் கொடுப்பான். பங்குனியில் அவன் விளக்கு இரண்டு நாள் மஞ்சளாக எரிந்தது. வீட்டுக்குப் போன் போனது. இயந்திரக் குரல் அவன் அப்பாவிடம், "உங்கள் மகனின் நலக்குறியீடு கவலைக்குரியது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டது. அந்த மனிதர் பட்டறையில் உடுத்தியிருந்த அழுக்குச் சட்டையோடு, கையில் கிரீஸ் கறையோடு மூன்று பஸ் மாறி வந்து, விடுதி வாசலில் காவலாளியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வராந்தாவில் நின்று நாங்கள் எல்லோரும் பார்த்தோம். செல்வினும் பார்த்தான்.

மறுநாள் காலை என் கதவைத் தட்டினான்.

"மக்கா, நாய்ல எனக்கும் ஒரு எடம் உண்டா?"

"ஒரே ஒரு எடந்தான் பாக்கி. ஜன்னலோரம் கெடையாது."

சிரித்தான். வில்லையைக் கழற்றி என் கையில் வைத்தான். நானும் சிரித்தேன். அன்று அவனிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பிஸ்கட் பாக்கெட் எங்கே என்று கேட்டேன்.

சித்திரை முடியும்போது எங்கள் பலகையில் நாற்பத்திரண்டும் பச்சை. காப்பைத் தயாரித்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள் எங்கள் மாடியின் தரவைப் பார்த்து அசந்துபோனார்கள். குறிப்பாகப் பதினோரு மாணவர்கள். ஒரே நேரத்தில் உறங்கி, ஒரே நேரத்தில் விழித்து, மாலை நாலு மணிக்கு ஒரே நேரத்தில் பேரானந்தம் அடைகிறார்கள். 'இளைஞர்களிடையே அரிதாகக் காணப்படும் ஆழ்ந்த சமூகப் பிணைப்பு' என்று அறிக்கை எழுதினார்கள். மாநிலத்தின் மிக மகிழ்ச்சியான விடுதி என்று சான்றிதழ் தருவதாக முடிவானது. திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு விழா. மாடிப் பிரதிநிதி என்ற முறையில் அதை வாங்கப் போகிறவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை. விடுதியில் பாதிப் பேர் ஊருக்குப் போயிருந்தார்கள். காற்று மண்ணை வாரி ஜன்னலில் இறைத்துக்கொண்டிருந்தது. விழாவுக்கான ஏற்புரையை எழுதிக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்குக் கோமதி எழுந்தான், வெளியே போனான், கதவைத் தட்டினான், திறந்தேன், "ஐநூறு" என்றேன், எழுதிக்கொண்டு போனான்.

பத்து நிமிடத்தில் திரும்பி வந்தான். இந்த முறை தட்டவில்லை.

"இசக்கி, செல்வின் அந்தப் பதினோரு பேர்ல உண்டா?"

"அது ராணுவ ரகசியம்."

"வெளையாடாத. உண்டா, இல்லையா?"

அவன் கையில் ஒரு பேட்மின்டன் மட்டை இருந்தது. செல்வினுடையது. கைப்பிடியில் நீலத் துணி சுற்றியது. அதை யாரையும் தொடக்கூட விட மாட்டான்.

"இதக் கையில குடுத்துட்டான். வச்சுக்கோ, எனக்கு வேண்டாம்ங்கான். எத்தன சப்பாத்தின்னு கேட்டேன். எப்பவும் நாலு சொல்லுவான். இன்னைக்கு, 'இனிமே என்னச் சேக்காத கோமதி, நல்லாயிரு'ங்கான். ஊருக்குப் போறியான்னு கேட்டேன். இல்லங்கான். கதவச் சாத்திட்டான்."

"பலகையப் பாத்தியா?"

"பச்ச."

அந்தப் பச்சை யாருடையது என்று உலகத்தில் என் ஒருவனுக்குத்தான் தெரியும்.

இந்த இடத்தில் நான் ஓடினேன் என்று எழுத ஆசைதான். ஓடவில்லை. மேசையில் ஏற்புரை இருந்தது. சொன்னால் விழா போகும், பத்துப் பேருக்கு நல விடுப்பு வரும், எனக்கு வீட்டுக்குச் சீட்டுக் கிழியும் என்று மனம் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனது. "நாளைக்குப் பதினோரு மணி வரைக்கும் பொறுப்பமா?" என்றுகூட வாயைத் திறந்துவிட்டேன்.

கோமதி என்னைத் திட்டவில்லை. மட்டையை என் மடியில் வைத்தான்.

"உண்டா?"

"உண்டு," என்றேன். "அஞ்சு வாரமா அவன யாருமே பாக்கல. நாயத்தான் பாத்துட்டு இருக்கோம்."

அப்புறம்தான் ஓடினோம்.

பதினேழாம் எண் அறைக் கதவைக் கோமதி தட்டினான். மறுபடியும் தட்டினான். "செல்வின், கணக்கு முடியல. தெற." என்ன கணக்கு என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "சப்பாத்திக் கணக்குத்தான். நாலு இல்லன்னா மூணு. மூணு இல்லன்னா அரை. சேக்காதன்னா என்ன எழுதுறது நான்? நோட்டுல அதுக்குக் கட்டம் கெடையாதுலே." இவன் போக மாட்டான் என்று தெரிந்துதான் திறந்ததாகச் செல்வின் பிற்பாடு சொன்னான்.

அறை ரொம்பச் சுத்தமாக இருந்தது. மூன்று வருடத்தில் அந்த விடுதியில் சுத்தமான அறையை நான் பார்த்ததில்லை.

கோமதி கட்டிலில் செல்வின் பக்கத்தில் உட்கார்ந்தான். சுற்றி வளைக்கவில்லை. சப்பாத்தி கேட்கிற அதே குரலில் கேட்டான்.

"செல்வின், செத்துப் போயிரலாம்னு நெனைக்கியா?"

அப்படிக் கேட்கலாமா என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்டால் அந்த நினைப்பு வந்துவிடும் என்றுதான் ஊரில் சொல்வார்கள். செல்வின் கோமதியின் கையிலிருந்த நோட்டைப் பார்த்தான். பிறகு, பெரிய மூட்டையைக் கீழே வைப்பவன் மாதிரி, "ஆமா மக்கா" என்றான். சொன்னதும் அழத் தொடங்கினான்.

"இசக்கி, பர்வீன் மேடத்துக்குப் போன் போடு," என்றான் கோமதி.

பர்வீன் மேடம் கல்லூரியின் மனநல ஆலோசகர். புதன்கிழமை மட்டும் வருவார். காப்பு வந்த பிறகு அவர் அறைக்கு யாரும் போவதில்லை. தனியாக உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அவருடைய எண் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். நோட்டீஸ் போர்டில். 'எந்த நேரமும் கூப்பிடலாம்' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அதன் மேல்தான் நான் ஒன்றரை வருடமாகப் பல்லியை ஒட்டிக்கொண்டிருந்தேன். இதழ் இதழாகக் கிழித்தேன். ஆணையரின் விஜயம் கிழிந்தது. தலையங்கம் கிழிந்தது. கடைசியில் பசையோடு பசையாகப் பத்து எண்கள்.

"தனியா விடாதிய," என்றார் போனில். பின்னால் குக்கர் விசில் சத்தம். "அறிவுரை ஒன்னும் சொல்ல வேண்டாம். அப்பா அம்மாவ நெனச்சுப் பாருங்கற வசனமெல்லாம் வேண்டாம். அவன் பேசுனா கேளுங்க. பேசாட்டி சும்மா பக்கத்துல இருங்க. அவன் தன்னை எதுவும் செஞ்சுக்கிற மாதிரி பொருள் ஏதும் அறையில இருந்தா எடுத்து வெளிய வச்சிருங்க. நான் கெளம்பிட்டேன்."

அவர் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. என் வாழ்க்கையில் நான் வாய் திறக்காமல் இருந்த மிக நீண்ட நேரம் அதுதான். செல்வின் பேசினான். காரணம் ஒன்றல்ல. இரண்டு பேப்பர் போனது. தூக்கம் போனது. பேட்மின்டன் போன இடம் தெரியவில்லை. அப்பாவின் கிரீஸ் கை. எதைச் சொன்னாலும் அதனால்தான் என்று சொல்ல முடியாது. எல்லாம் சேர்ந்து ஒரு நாள் மூச்சு முட்டியது. "பச்சையா இருந்தேன்லா, அதான் யாரும் வரல," என்றான் ஒருமுறை. என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னான். ரெஜிஸ்ட்ரார் எப்படியோ மாடியேறி வந்து, பனியனோடு அவன் காலடியில் படுத்துக்கொண்டது.

பர்வீன் மேடம் முடியெல்லாம் செம்மண்ணாக ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். செல்வினோடு ஒரு மணி நேரம் தனியாகப் பேசினார். பிறகு அவனையும் கோமதியையும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போக ஏற்பாடு செய்தார். அப்பாவுக்கு அவரே போன் செய்தார். இயந்திரக் குரலில் அல்ல. அரை மணி நேரம், மெதுவாக, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வாருங்கள் என்பது வரை சொல்லி.

வண்டி வருவதற்குள் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். நாயைக் காட்டினேன். பனியனைத் தூக்கிப் பதினோரு வில்லையையும் காட்டினேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"மிஷின் ஒன்னும் பொய் சொல்லல தம்பி. இது சந்தோஷமாத்தான் இருக்கு," என்றார் நாயின் காதைத் தடவியபடி.

"எல்லாம் என்னாலதான் மேடம்."

"எல்லாமேன்னு சொல்லி அதுலயும் பேரு வாங்காத. உன் பங்கு உனக்கு. காய்ச்சல் வந்தவனுக்குத் தண்டனைன்னு சட்டம் போட்டா தெர்மாமீட்டர எவன் வாயில வைப்பான்? அது அவங்க பங்கு. இந்தக் காப்ப நான் வேண்டாங்கல. மஞ்ச எரிஞ்சா ஒரு ஆளு போயி கதவத் தட்டணும். அதுக்குத்தான் அந்த வெளக்கு. தட்டுறதுக்குப் பதிலா வெளக்குன்னு நெனச்சிட்டிய எல்லாரும்."

"கோமதி நேராவே கேட்டுட்டான் மேடம். அப்பிடிக் கேக்கலாமா?"

"கேக்கணும். கேட்டா நெனப்பு வராது. உள்ள இருக்கற நெனப்பு வெளிய வர வழி கெடைக்கும். அந்தப் பய எங்க படிச்சான் இத?"

"எங்கயும் படிக்கல. அவனுக்கு எல்லாமே சப்பாத்தி மாதிரிதான்."

அன்று இரவே வார்டன் சந்தானகிருஷ்ணன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நாளைக்குக் காலைல பதினொன்றரை வரைக்கும் இது எனக்குத் தெரியாது" என்றார்.

எனவே விழா நடந்தது. நிறுவனத்திலிருந்து வந்தவர் திரையில் அப்போதே ஓடிக்கொண்டிருந்த பதினோரு நாடிக் கோடுகளைக் காட்டி, இந்தப் பதினோரு பேரையும் மேடைக்கு அழைத்தால் நாடே பார்த்துக் கற்றுக்கொள்ளும் என்றார். மைக்கை வாங்கினேன். ஏற்புரையை மடித்துப் பையில் வைத்தேன். இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தேன். ரெஜிஸ்ட்ரார் நடுப்பாதையில் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்து மேடை ஏறியது. திரையில் பதினோரு கோடும் ஒன்றாக மேலே எகிறின. அரங்கத்தில் சிரிப்பு அடங்க இரண்டு நிமிடம் ஆனது. அடங்கியதும், பனியனை மெல்லக் கழற்றி மேசையில் வைத்து, "இதுல பதினோராவது வில்லைக்காரன் இப்ப ஆஸ்பத்திரில இருக்கான். நேத்து ராத்திரி பூரா இந்தப் பலகைல அவன் பச்ச" என்றேன். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. நாயோடு மேடையிலிருந்து இறங்கினேன்.

எனக்கு ஒரு மாதம் இடைநீக்கம். மஞ்சள் எரிந்தால் மாணவனைக் கேட்காமல் வீட்டுக்குப் போன் போகாது, பரீட்சை போகாது என்று விதியை மாற்ற அவர்களுக்கு ஒன்றரை வருடம். பர்வீன் மேடம் வாரம் ஐந்து நாளும் வரத் தொடங்கினார். குறுக்கெழுத்துக்கு நேரமில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். செல்வின் மருத்துவம் பார்த்துக்கொண்டு, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, ஆடி கழிந்து திரும்பி வந்தான். முதல் நாளே மட்டையைத் திருப்பிக் கேட்டான். கோமதி தர மாட்டேன் என்று அடம்பிடித்தான். மாடியே கூடி நின்று பஞ்சாயத்துப் பண்ணியது. அந்தச் சாயங்காலத்தை இப்போது நினைத்தாலும் மெஸ்ஸின் எண்ணெய் வாடையும் காற்றாலை சுற்றுகிற சத்தமும் ஒன்றாக வந்துவிடுகின்றன.

கோமதியின் நோட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இடைநீக்கத்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, "இதப் பாரு" என்று நீட்டினான். மூன்று வருடத்தில் அதை நான் திறந்து பார்த்ததில்லை. சப்பாத்தி எண்ணிக்கை இருந்தது. அதன் பக்கத்தில், ஒவ்வொரு பெயருக்கும் நேராக, பென்சிலில் இரண்டு மூன்று சொல். 'தூங்கி எழுந்த முகம்.' 'காதல் போல.' 'அம்மாவுக்கு ஆபரேஷன், நாளைக்குக் கேக்கணும்.'

என் பெயரைத் தேடினேன். தை மாதம்: 'ஆயிரம்னான். சிரிச்சான்.' மாசி மாதம்: 'நூறுன்னான். சிரிக்கல.' மறுநாள்: 'நூத்தியெட்டு. சிரிக்கல. கதவு பாதிதான் தெறந்தான்.' அதற்கு மறுநாள்: 'ஜோக் மட்டும் வருது. ஆள் வரல. நாளைக்கும் போகணும்.' இப்படியே பக்கம் பக்கமாக.

"உனக்குத்தாம்லே மொதல்ல பயந்தேன்," என்றான் கோமதி. "செல்வின் என் கணக்குலயே இல்ல."

மாசி மாதத்தில் ஆராய்ச்சி நோக்கத்தோடு ஒரு வில்லையைக் கழற்றினேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். திருத்திக்கொள்கிறேன். அது என்னுடைய வில்லை. ஒன்றரை நாள் மஞ்சளாக எரிந்திருந்தது. இன்னும் அரை நாளில் வீட்டுக்குப் போன் போயிருக்கும். அந்த அரை நாளில் கண்டுபிடித்ததுதான் நாய்.

இடைநீக்கம் முடிந்து வந்ததும் பர்வீன் மேடத்தின் அறையில் மின்விசிறி ஒழுங்காக ஓடுகிறதா என்று பல்லிக்காக ஆய்வு செய்யப் போனேன். ஆய்வு ஏழு வாரம் நீடித்தது. மின்விசிறி நன்றாகத்தான் ஓடியது.

இப்போது கோமதி சங்கரன்கோவிலில் மின்வாரியத்தில் இருக்கிறான். செல்வின் ஒரு பாலிடெக்னிக்கில் வாத்தியார். 'உன் பச்சை எப்படி இருக்கு?' என்று மாதம் ஒருமுறையாவது செய்தி அனுப்பி மானத்தை வாங்குவான். நான் கன்னியாகுமரிக்குத் தெற்கே, கடலில் நட்ட காற்றாலைகளைப் பராமரிக்கும் மிதவைக் குடியிருப்பில் இருக்கிறேன். இருபத்தாறு அறை, இருபத்தாறு பேர், எல்லோர் கையிலும் புதிய ரகக் காப்பு. இதை நாய்க்கு மாட்டி ஏமாற்ற முடியாது. கடலில் நாயும் இல்லை. சாப்பாடு சுவரிலுள்ள ஒரு துளையிலிருந்து வருகிறது. யாருக்கு எவ்வளவு என்று அதற்குத் தெரியும்.

நேற்று மாலை ஐந்து மணிக்கு, வழக்கம்போல, முதல் அறையிலிருந்து தொடங்கினேன். பத்தொன்பதாம் எண் அறை தேவசகாயம் அண்ணாச்சியுடையது. கிரேன் ஓட்டுகிறவர், வயது ஐம்பத்தெட்டு. போன மாதம் ஊருக்குப் போய்விட்டு வந்தார். அன்றிலிருந்து ஒரே தமாஷ். அறை வாசலில் விளக்கு பச்சையாக எரிந்தது. தட்டினேன்.

"எத்தன சப்பாத்தி அண்ணாச்சி?"

"இங்கதான் சப்பாத்தியே கெடையாதே டே. தெனமும் வந்து கேக்க, லூசாடே நீ?"

"தெரியும். எத்தன?"

"ஐநூறு போட்டுக்க."

சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தேன். பென்சில் முனை மழுங்கியிருந்தது. 'ஐநூறுன்னார்' என்று எழுதினேன். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். மீதியையும் எழுதினேன். கதவு பாதிதான் திறந்திருந்தது.

"அண்ணாச்சி," என்றேன், "கொஞ்ச நேரம் உள்ள வரட்டா?"